படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது!

தலைசுற்றல் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைத்தான் சொல்கின்றன: படுக்கும்போதும், புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் மட்டும் வந்து, சில நொடிகளில் போய்விடும் சுழற்சி. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தேன். அறையே கிறுகிறுவென்று சுற்றியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டேன். அரை நிமிடத்தில் சுழற்சி அடங்கிவிட்டது. ஆனால் குமட்டல் மதியம் வரை இருந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, தலை ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன. கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டை அணிந்தேன், மாத்திரையும் சாப்பிட்டேன். இன்றும் வலப்பக்கம் திரும்பினால் சுற்றுகிறது. பயத்தில் இடப்பக்கமாகவே படுத்துத் தூங்குகிறேன். எனக்கு என்னதான் நோய், டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை பெரும்பாலும் இருக்கிறது, அம்மா. சுழற்சி தானாக வரவில்லை, தலையின் நிலை மாறியபோது வந்தது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது, ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பினால் மட்டும் வருகிறது, படுக்கையிலேயே வருகிறது. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உட்செவியை. இந்தத் தொல்லைக்குப் பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக பி.பி.பி.வி. என்பார்கள். தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்துபோகும், உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுற்றல் என்பதே அந்த நீண்ட பெயரின் பொருள்.

இரத்த அழுத்தக் குறைவால் வரும் கிறுகிறுப்பு எழுந்து நிற்கும்போது வரும், கண் இருட்டிக்கொண்டு வரும், படுத்துவிட்டால் தெளியும். உங்களுக்கோ படுத்த நிலையில் புரண்டால்தான் வருகிறது. படுத்துக்கொண்டு பக்கம் மாறுவதால் யாருக்கும் இரத்த அழுத்தம் அப்படிச் சரிவதில்லை. கழுத்தைப் பொறுத்தவரை, ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் எக்ஸ்ரேயில் ஓரளவு தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலை சுற்றாதவர்களுக்கும் தெரியும். அது படத்தில் இருக்கிறது என்பதற்காக அதன்மேல் பழியைப் போட்டுவிடுவது சரியன்று. காதைச் சோதித்திருக்க வேண்டிய எத்தனையோ பேர் கழுத்துப் பட்டையோடு மாதக்கணக்கில் அலைவதைப் பார்க்கிறேன். மிகவும் வருத்தமாக இருக்கிறது.

உட்செவியில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும், சிகிச்சையும் விளங்கும். கேட்பதற்கான உறுப்பை ஒட்டியே நம் சமநிலைக்கான உறுப்பும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்து, உள்ளே திரவம் நிரம்பி இருக்கும். தலை சுழலும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். கால்வாயின் ஒரு முனையில் இருக்கும் குப்புலா என்னும் மெல்லிய திரை வளையும். ‘தலை திரும்புகிறது’ என்ற செய்தி மூளைக்குப் போகும். இந்தக் கால்வாய்கள் வந்து சேரும் அறைக்கு யூட்ரிக்கிள் என்று பெயர். அங்கே கூழ் போன்ற ஒரு படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கின்றன. சுண்ணாம்புக்கட்டியும் அதே பொருள்தான். ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கே இருக்கும் அந்தத் துகள்கள், சுற்றியுள்ள திரவத்தைவிடக் கனமானவை. தலை சாயும்போது அவை படலத்தை இழுப்பதால்தான், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எது மேல், எது கீழ் என்று நமக்குத் தெரிகிறது.

சில வேளைகளில் இந்தப் படிகங்கள் சில பெயர்ந்து, அடுத்திருக்கும் கால்வாய்க்குள் போய் விழுந்துவிடுகின்றன. நாம் நிற்கும்போதும் படுக்கும்போதும் தாழ்வான பகுதியில் இருப்பது பின்பக்கக் கால்வாய் என்பதால், பெரும்பாலும் அதில்தான் சிக்குகின்றன. அவை அங்கே அசையாமல் கிடக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. நீங்கள் புரளும்போது அவை புதிய தாழ்வான இடத்தை நோக்கி உருள்கின்றன, உருளும்போது திரவத்தையும் தள்ளிக்கொண்டு போகின்றன, திரை வளைகிறது. தலை அசைவதை நிறுத்திய பிறகும், ‘தலை வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது’ என்று அந்தக் காது மூளையிடம் சொல்கிறது. மறு காதோ, உடலின் மற்ற உணர்வுகளோ அதை ஆமோதிப்பதில்லை. அந்த முரண்பாடுதான் சுழற்சி, குமட்டல், வாந்தி எல்லாம். துகள்கள் அடியில் போய்ப் படிந்ததும் திரை நிமிர்கிறது, சுழற்சி நின்றுவிடுகிறது. அதனால்தான் அது ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

எனவே உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நரம்பும் கெடவில்லை. இருக்க வேண்டிய இடத்தை விட்டுச் சில துகள்கள் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். அவற்றைப் பழைய அறைக்கே திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ சென்று, ‘எனக்கு டிக்ஸ் ஹால்பைக் சோதனை செய்து பாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: அந்தச் சோதனை எப்படி இருக்கும்? அதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா?

பதில்: மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-இல் இலண்டனிலிருந்து விவரித்த சோதனை அது. இந்த நோயையே 1921-இல் தெளிவாக விவரித்தவர் ராபர்ட் பாரனி. உட்செவி ஆய்வுகளுக்காக 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர். சோதனைக்கு வேண்டியவை ஒரு கட்டிலும், மருத்துவரின் இரண்டு கைகளும், கூர்ந்து பார்க்கும் கண்களுமே.

கட்டிலில் உட்கார வைத்துத் தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே மல்லாந்து படுக்க வைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டுத் தாங்கிக்கொள்வோம். முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. ‘இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது’ என்று நோயாளி சொல்லத் தொடங்குவார். சொல்லி முடிப்பதற்குள் என் முன்கையை இறுகப் பற்றிக்கொள்வார். கண்களை மூடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டே அவற்றைப் பார்ப்பேன். கருவிழி நெற்றியை நோக்கி வெட்டி வெட்டித் துடிக்கும்; அதே நேரத்தில் கீழே இருக்கும் காதின் பக்கமாகத் திருகுவதுபோல் சுழலும். பத்து, இருபது நொடிகள் வேகமெடுத்து, பிறகு தளர்ந்து நின்றுவிடும். அந்தத் தாமதம், அந்தத் துடிப்பின் திசை, அது தளரும் விதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் எந்தக் காது, எந்தக் கால்வாய் என்பது தெரிந்துவிடும். அந்தத் துகள்கள் எந்த ஸ்கேனிலும் தெரியாது. ஆகவே குறிகள் இப்படித் தெளிவாக இருந்தால் ஸ்கேன் தேவையில்லை. துடிப்பு வேறு விதமாக இருந்தாலோ, நரம்புக் கோளாறின் அறிகுறிகள் இருந்தாலோதான் அது தேவை.

படுக்கையில் இரண்டு பக்கம் திரும்பினாலும் கடுமையாகச் சுற்றுகிறது, கண் கிடைமட்டமாகத் துடிக்கிறது என்றால், துகள்கள் பக்கவாட்டுக் கால்வாயில் இருக்கின்றன. அதற்கு மல்லாந்து படுத்தபடி தலையை இருபுறமும் திருப்பும் வேறொரு சோதனையும், வேறு சிகிச்சையும் உண்டு. டிக்ஸ் ஹால்பைக் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

சோதனைக்கு முன் இரண்டு செய்திகளை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: கழுத்தில் அறுவைசிகிச்சையோ கடுமையான பாதிப்போ இருக்கிறதா என்பது ஒன்று, விழித்திரை விலகியதுண்டா என்பது மற்றொன்று. இருந்தால் சோதனையை மாற்றிச் செய்ய வழி இருக்கிறது.

கேள்வி: ஆறு மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பிட்டால் சற்றுத் தேவலை. நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். கால்வாய்க்குள் கிடக்கும் துகளை எந்த மாத்திரையாலும் வெளியேற்ற முடியாது. சின்னாரிசின், புரோக்ளோர்பெரசின் போன்ற மருந்துகள் மூளையின் சமநிலை உணர்வை மந்தப்படுத்துகின்றன. கடுமையான வாந்தி இருக்கும்போது ஓரிரு நாட்களுக்குப் பயன்படும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம் வரும். முதியவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்புமாகப் பார்க்கின்சன் நோயின் சாயலே வந்துவிடும். பீட்டாஹிஸ்டினும் துகளைத் தொடாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2008-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய வழிகாட்டுதலும், தலைசுற்றலை அடக்கும் மருந்துகளை இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பலருக்குக் குணமாவது உண்மைதான். ஆனால் பலருக்கு மாத்திரை இல்லாமலும் துகள்கள் தாமாகவே வெளியேறிச் சில வாரங்களில் குணமாகிவிடுகிறது. புகழ் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. உங்கள் மாத்திரையைத் தந்த மருத்துவரிடமே காட்டி, மற்ற நோய்களுக்காகச் சேர்த்தது ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

சரியான சிகிச்சை, தலையைத் திருப்பித் திருப்பித் துகள்களை வழிநடத்துவதுதான். ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் இதை வகுத்தார். தலையைத் திருப்புவதால் தலைசுற்றல் போய்விடும் என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்களே நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992-இல்தான் வெளியானது. இன்று உலகெங்கும் அதுவே முதல் சிகிச்சை. சரியாகச் செய்தால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரிகிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: எப்ளி முறையைக் காணொலியில் பார்த்து வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: எந்தக் காது, எந்தக் கால்வாய் என்பதை மருத்துவர் ஒருமுறை சோதித்து உறுதிசெய்த பிறகு செய்யலாம், அதற்கு முன் வேண்டாம். வலக்காதில் நோய் இருக்க, இடக்காதுக்கான அசைவைச் செய்தால் பயன் இல்லை. பக்கவாட்டுக் கால்வாய்க்கு எப்ளி உதவாது.

வலக்காதின் பின்பக்கக் கால்வாய் என்று வைத்துக்கொள்வோம். படுத்தால் தோள்களுக்குக் கீழே வரும்படி கட்டிலில் ஒரு தலையணையை வைத்துவிட்டு, கால்களை நீட்டி உட்காருங்கள். தலையை வலப்பக்கம் 45 பாகை, அதாவது நேர்முகத்துக்கும் வலத்தோளுக்கும் நடுவே வரும்படி திருப்புங்கள். அதே நிலையில் மல்லாந்து படுங்கள். தோள் தலையணையிலும், தலை சற்றுப் பின்சாய்ந்து மெத்தையிலும் இருக்கட்டும். சுற்றும், பயப்படாதீர்கள். துகள்கள் நகர்வதைத்தான் அந்தச் சுழற்சி காட்டுகிறது. அது நின்ற பிறகும் அரை நிமிடம் அசையாமல் இருங்கள். பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கமாக 90 பாகை திருப்புங்கள். இப்போது முகம் இடத்தோளுக்குப் பாதித் தொலைவில் இருக்கும். மறுபடி அரை நிமிடம், சுற்றினால் ஒரு நிமிடம். அடுத்து உடலையும் இடப்பக்கமாகப் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையை மேலும் 90 பாகை திருப்புங்கள். அங்கேயும் அதே அளவு காத்திருங்கள். கடைசியாக, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தியபடி, இடப்பக்கமாகவே எழுந்து உட்காருங்கள். இடக்காது என்றால் எல்லாம் நேர்மாறு.

அவசரப்படுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. துகள் மெல்ல உருள்கிறது; ஒவ்வொரு நிலையிலும் அது போய்ச்சேர நேரம் தர வேண்டும். இரண்டாவது தவறு, சுற்றத் தொடங்கியதும் பயந்து பாதியில் எழுந்துவிடுவது. முதல் சில முறை அருகில் யாராவது இருக்கட்டும். எழுந்ததும் உடனே நடக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், குனியவே கூடாது என்று முன்பு சொல்வதுண்டு. அது தேவையில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. உங்களுக்கு வசதியான பக்கத்தில் படுத்துத் தூங்கலாம்.

கேள்வி: சிகிச்சைக்குப் பிறகு சுழற்சி நின்றுவிட்டது. ஆனால் ஒரு வாரமாகப் படகில் நடப்பதுபோல் மிதப்பாக இருக்கிறது. மறுபடி வந்துவிடுமோ?

பதில்: அந்த மிதப்பு எதிர்பார்க்கக்கூடியதே. தவறான செய்தியோடு வாரக்கணக்கில் பழகிய மூளை, சரியான செய்திக்குத் திரும்பச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். தலையை அசைக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தால்தான் நாள் கூடும். இயல்பாக நடங்கள், திரும்பிப் பாருங்கள். நீடித்தால் சமநிலைப் பயிற்சிகள் உதவும். சில துகள்கள் எஞ்சியிருக்கின்றனவா என்று மறுபடி சோதித்துக்கொள்வதும் நல்லது.

மீண்டும் வருமா என்றால், வரலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒருமுறையாவது திரும்ப வருகிறது. ஆனால் முதல்முறை வந்தபோது இருந்த திகில் அப்போது இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: படிகங்கள் ஏன் பெயர்கின்றன? எலும்புத் தேய்மானத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: பலருக்குக் குறிப்பிட்ட காரணம் தெரிவதில்லை. வயது ஆக ஆக அந்தப் படலம் தளர்ந்து, படிகங்களின் பிடிப்பு குறைகிறது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களிடம், அதிலும் பெண்களிடம் இது அதிகம். தலையில் அடிபட்ட பிறகு இளவயதினருக்கும் வரும். உட்செவி நரம்பு அழற்சிக்குப் பின்பும், நோயால் நெடுநாள் படுக்கையில் கிடந்த பிறகும் வருவதுண்டு.

எலும்பு என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கழுத்து எலும்பின் தேய்மானத்துக்குத் தொடர்பில்லை. ஆனால் எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ், வைட்டமின் டி குறைபாடு ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. படிகங்களும் கால்சியத்தால் ஆனவை அல்லவா? தென்கொரியாவில் ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்ப வருவது ஏறக்குறையக் கால்பங்கு குறைந்தது. ஆகவே அடிக்கடி திரும்ப வருகிறவர்கள் இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வது பயன் தரும். அளவு பார்க்காமல் தாமாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம். அளவு மீறினால் அதுவும் கெடுதல்தான்.

கேள்வி: என் தந்தைக்கு 76 வயது. சுற்றுகிறது என்று அவர் சொல்வதில்லை. ‘தடுமாறுகிறது’ என்கிறார். இரவில் எழும்போது இருமுறை விழுந்துவிட்டார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். வயதானவர்களிடம் இந்த நோய் வேறு முகம் காட்டும். சுழற்சி என்று தெளிவாகச் சொல்லாமல் தடுமாற்றம், நிதானமின்மை, பயம் என்றுதான் சொல்வார்கள். சிலர் எதுவும் சொல்லாமல், எதையாவது பிடித்துக்கொண்டே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். படுக்கையில் எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறார், எழுந்ததும் கட்டில் விளிம்பில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று இரண்டு நாள் கவனியுங்கள். அது மருத்துவருக்கு மிக உதவும். அவருக்குப் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் காட்ட வேண்டும். கூடவே உட்செவிச் சோதனையும் செய்ய வேண்டும். ஒரு முதியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதன்பின் அவர் பழையபடி நடமாடுவது எவ்வளவு கடினம் என்பதைக் குடும்பங்கள் அறியும். அந்த ஆபத்துக்குக் காரணம் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்றாக இருந்துவிட்டால், அதைப் பார்க்காமல் விட்டது பெரும் தவறாகிவிடும். அதுவரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கேள்வி: தலைசுற்றல் பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கும் என்கிறார்களே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நேரத்தைப் பாருங்கள். இந்தப் படிகத் தொல்லை அசைந்தால் வரும், அசையாமல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். படுத்து அசையாமல் இருக்கும்போதும் மணிக்கணக்கில் விடாமல் சுற்றினால் அது வேறு. அதனுடன் பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமை, முகமோ கை கால்களோ மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, பிடிமானமின்றி நிற்கவே முடியாமை, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, திடீரென்று ஒரு காது கேளாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் எப்ளி செய்து பார்க்கும் நேரம் அதுவன்று. மூளையின் பின்பகுதியில் ஏற்படும் பக்கவாதம் முதல் சில மணி நேரங்களில் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போகலாம். எனவே, ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டாலும் இந்த அறிகுறிகள் தொடர்ந்தால் அங்கிருந்து கிளம்பிவிடாதீர்கள்.

கேள்வி: இதனால் காது கேட்காமல் போய்விடுமா? வண்டி ஓட்டலாமா?

பதில்: படிகங்கள் இடம்மாறுவதால் கேட்கும் திறன் குறைவதில்லை. சுழற்சியுடன் காது இரைச்சல், அடைப்பு, கேட்பதில் ஏற்றத்தாழ்வு ஆகியவை சேர்ந்து, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்கு மேல் நீடித்தால், மெனியேர் போன்ற வேறு நோயாக இருக்கலாம். செவித்திறன் சோதனை தேவைப்படும். வண்டியைப் பொறுத்தவரை, தலையைத் திருப்பினால் சுற்றும் நிலை இருக்கும்வரை ஓட்டாதீர்கள். ஏணியில் ஏறுவதையும் தவிருங்கள். சிகிச்சைக்குப் பிறகு எல்லாப் பக்கமும் திரும்பிப் படுத்து, அண்ணாந்தும் குனிந்தும் பார்த்து, சில நாட்கள் சுழற்சி எதுவும் வரவில்லை என்றால் ஓட்டத் தொடங்கலாம்.